கார்டு பிடித்த கை லீடுக்குப் போகும் வழி

சி, ஏ மைனர், ஜி, டி, ஈ மைனர் எல்லாம் தடுமாற்றமில்லாமல் மாறுகின்றன. எஃப் பார் கார்டும் ஒருவழியாகச் சத்தம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் பாடினால் நீங்கள் ஸ்ட்ரம் செய்து பாட்டைக் கரை சேர்த்துவிடுகிறீர்கள். பலருடைய கிட்டார் வருடக்கணக்கில் நின்றுவிடும் இடம் இதுதான். இடையிசை வரும்போது கை அதே ஸ்ட்ரம்மிங்கையே தொடர்கிறது. பாட்டு காத்திருக்கிறது, அந்த இடத்தில் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை.

அடுத்து என்ன கற்பது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பென்டடோனிக் ஸ்கேலின் ஐந்து பெட்டிகளையும் மனப்பாடம் செய். இந்த ஆலோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து பெட்டிகளையும் மனப்பாடம் செய்த பிறகும் ஒரு வரி லீட் வாசிக்க வராதவர்கள் ஏராளம். ஸ்கேலில் ஏறி இறங்க அவர்களுக்கு வரும். எந்தச் சுரத்தில் நிற்பது என்றுதான் தெரியாது. எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது பின்னால் ஒலிக்கும் கார்டு. அந்தக் கார்டு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதனால் இந்த அத்தியாயம் கார்டை விட்டு லீடுக்குத் தாவாது. கார்டுக்குள்ளிருந்தே லீடை வெளியே எடுக்கும்.

ஏற்கெனவே கையில் இருப்பவை

கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டு ஏ மைனர் பிடியுங்கள். ஸ்ட்ரம் செய்யாமல் ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். ஐந்தாம் கம்பி திறந்தபடி ஏ. நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் ஈ. மூன்றாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் மறுபடியும் ஏ. இரண்டாம் கம்பி முதல் ஃபிரெட்டில் சி. முதல் கம்பி திறந்தபடி ஈ. ஐந்து கம்பிகள் ஒலித்தாலும் அங்கே இருப்பவை ஏ, சி, ஈ என்ற மூன்று சுரங்கள்தான்.

இப்போது சி கார்டுக்கு மாறுங்கள். மோதிர விரல் மட்டும் இடம் பெயர்கிறது, மற்ற இரண்டு விரல்களும் அசையவே இல்லை. இங்கே இருப்பவை சி, ஈ, ஜி. இரண்டு கார்டுகளையும் சேர்த்தால் ஏ, சி, ஈ, ஜி என்று நான்கு சுரங்கள் கிடைக்கின்றன. இவற்றோடு டி ஒன்றைச் சேர்த்தால் உலகமெங்கும் ராக், புளூஸ் கிட்டார்காரர்கள் உருட்டும் ஏ மைனர் பென்டடோனிக் முழுமையாகிறது. அந்த டி வெகு தூரத்தில் இல்லை. நான்காம் கம்பியைத் திறந்துவிட்டால் டி. இரண்டாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டுவிரலை வைத்தாலும் டி.

கர்நாடக இசை கொஞ்சம் கற்றவர்களுக்கு இது இன்னும் எளிது. ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் இந்த ஐந்து சுரங்களும் சுத்த தன்யாசி. அதே ஐந்தில் சி-யை ஷட்ஜமாக்கினால் மோகனம். கிரக பேதம் என்று பாட்டு வகுப்பில் சொல்லித்தருவதைத்தான் கிட்டார் புத்தகங்கள் மேஜர் பென்டடோனிக், அதன் ரிலேட்டிவ் மைனர் என்று சொல்கின்றன. ஏ மைனர் கார்டு ஓடும்போது ஏ-யில் நிற்பதும் சி கார்டு ஓடும்போது சி-யில் நிற்பதும் ஏன் வெவ்வேறு உணர்வைத் தருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஸ்ட்ரம்மிங்குக்கு நடுவே

முதல் வேலை, தாளத்தை நிறுத்தாமல் தனிச் சுரங்களை நுழைப்பது. அமெரிக்காவின் கார்ட்டர் ஃபேமிலி குழுவில் மேபெல் கார்ட்டர் 1920-களின் இறுதியிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார். கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிப்பார், அதே கையின் விரலால் மெல்லிய கம்பிகளில் தாளத்தைத் தேய்ப்பார். ஒரே கிட்டாரில் லீடும் ரிதமும் சேர்ந்து வந்தன. அவர் வாசித்த வைல்ட்வுட் ஃபிளவர் 1928-இல் பதிவானது. கிடைத்தால் கேளுங்கள். லீட் என்றால் வேகம் என்ற எண்ணம் அதைக் கேட்டதும் கழன்றுவிடும்.

உங்கள் கார்டுகளில் இதைத் தொடங்குவது சுலபம். ஜி-யிலிருந்து சி-க்குப் போகும் முன் கடைசி இரண்டு தட்டில் ஸ்ட்ரம்மை விட்டுவிட்டு ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி ஒருமுறை, அதிலேயே இரண்டாம் ஃபிரெட்டில் ஒருமுறை மீட்டுங்கள். ஏ, பி என்று ஏறி சி கார்டில் சரியாகப் போய் உட்காரும். சி-யிலிருந்து ஏ மைனருக்கு இறங்கும்போது ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் உள்ள பி ஒன்றே போதும். ஏ மைனரிலிருந்து எஃப் போக ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் ஒரு ஜி.

அடுத்தது ஹேமர் ஆன். ஏ மைனர் பிடித்தபடியே மோதிர விரலைத் தூக்கி மூன்றாம் கம்பியைத் திறந்து மீட்டுங்கள். ஒலி அடங்கும் முன் அதே விரலை இரண்டாம் ஃபிரெட்டில் சுத்தியல்போல் இறக்குங்கள். ஜி ஏ ஆகிறது. பிக் ஒருமுறைதான் படுகிறது, சுரம் இரண்டு. சி கார்டில் நான்காம் கம்பியில் நடுவிரலால் இதையே செய்தால் டி ஈ ஆகிறது. இரண்டாம் கம்பியில் சுண்டுவிரலை மூன்றாம் ஃபிரெட்டில் வைத்து எடுத்தால் அது புல் ஆஃப். எடுக்கும்போது விரல் நுனி கம்பியைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சுண்டிவிட்டு வர வேண்டும். வெறுமனே தூக்கினால் ஒலி செத்துவிடும்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் லிட்டில் விங் 1967-இல் வந்தது. அதன் தொடக்கத்தில் நீங்கள் கேட்பது இதன் முதிர்ந்த வடிவம். கார்டைப் பிடித்த கை, மீதமிருக்கும் விரல்களால் அந்தக் கார்டைச் சுற்றி இழைக்கும் சின்னச் சின்ன அலங்காரங்கள். அது ரிதமா லீடா என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே சுரம், நான்கு கார்டு

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏ மைனர், எஃப், சி, ஜி. ஒவ்வொன்றும் நான்கு தட்டு. மெட்ரோனோம் 70-இல் இருக்கட்டும். இந்தச் சுற்றை நீங்களே ஸ்ட்ரம் செய்து கைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். யூடியூபில் ஆயத்தமான பின்னணி இசை நிறையக் கிடைக்கும். இருந்தாலும் உங்கள் கையால் பதிவு செய்ததுதான் நல்லது, கார்டு மாறும் கணம் உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கும்.

பதிவை ஓடவிட்டு மூன்றாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்துங்கள். அது சி. ஏ மைனர் தொடங்கும்போது ஒருமுறை மீட்டி முழு நான்கு தட்டுக்கும் நீளவிடுங்கள். எஃப் வந்ததும் அதே சுரம். சி வந்ததும் அதே சுரம். விரல் அசையவில்லை, ஆனால் ஒலி மாறிக்கொண்டே போகிறது. ஏ மைனரில் அது கார்டின் மூன்றாவது சுரம், அந்தக் கார்டின் சோகத்தையே தாங்கி நிற்பது. எஃப்-இல் ஐந்தாவது, உறுதியாக, நிறம் அதிகமில்லாமல் நிற்கும். சி-யில் அதுவே வேர்ச்சுரம், வீடு வந்து சேர்ந்த நிம்மதி. ஜி வந்ததும் அதே சி-யை மீட்டிப் பாருங்கள். ஏதோ முடியாமல் தொங்குகிறது. ஜி கார்டில் இருப்பவை ஜி, பி, டி. சி அதற்கு வெளியாள். இப்போது விரலை ஒரு ஃபிரெட் பின்னால் நகர்த்தி நான்காம் ஃபிரெட்டுக்கு வாருங்கள். பி. தொங்கியது இறங்கி அமர்கிறது.

நீங்கள் வாசித்தவை இரண்டே சுரங்கள், வேகம் துளியும் இல்லை. ஆனாலும் இது லீட், முழுமையான லீட். பி என்ற சுரம் ஏ மைனர் பென்டடோனிக்கில் கிடையாது என்பதையும் கவனியுங்கள். பெட்டியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. கார்டைக் கேட்டவருக்கு அதுவே முதலில் தெரியும்.

ஒரு வாரம் இப்படியே இரண்டு, மூன்று சுரங்களுக்குள் சுற்றுங்கள். அவசரப்பட வேண்டாம்.

மூன்று கம்பிகளில் நான்கு கார்டுகள்

அடுத்து அதே நான்கு கார்டுகளையும் மெல்லிய மூன்று கம்பிகளில் மட்டும் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம், இரண்டாம், முதல் கம்பி என்ற வரிசையில் எண்களைச் சொல்கிறேன். ஏ மைனர்: 5, 5, 5. ஒரே விரலைப் படுக்கவைத்தால் போதும். எஃப்: 5, 6, 5. நடுவில் ஒரு ஃபிரெட் ஏறியது, அவ்வளவுதான். சி: 5, 5, 3. ஜி: 4, 3, 3. நான்கு கார்டுகளும் மூன்றாம் ஃபிரெட்டுக்கும் ஆறாம் ஃபிரெட்டுக்கும் இடையில் அடங்கிவிட்டன. இந்த மூன்று சுரக் கார்டுகளுக்கு ட்ரையட் என்று பெயர்.

முதலில் ஸ்ட்ரம் செய்யுங்கள். பிறகு சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கார்டிலும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் தேர்ந்து, நான்கையும் இணைத்து ஒரு மெட்டு கட்டுங்கள். முதல் கம்பியிலேயே நின்றால் ஏ, ஏ, ஜி, ஜி. இரண்டாம் கம்பியில் போனால் ஈ, எஃப், ஈ, டி. இந்த இரண்டாவது மெட்டு கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று பாருங்கள். யாரும் உட்கார்ந்து இயற்றியதல்ல, கார்டுகள் தாமாகவே பாடுவது.

ஈகிள்ஸ் குழுவின் ஹோட்டல் கலிஃபோர்னியா 1976-இன் இறுதியில் வெளியானது. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, கடைசியில் இரு கிட்டார்களும் சேர்ந்து ஒரே அலைபோல் இறங்கிக்கொண்டே போகும் பகுதி கிட்டார் பிடித்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பகுதியில் நடப்பது, பாட்டின் கார்டுகளை வரிசையாகச் சுரம் சுரமாகப் பிரித்து இரு குரலில் வாசிப்பதுதான். ட்ரையட் பயிற்சியை ஒரு மாதம் செய்த பிறகு அதைக் கேட்டால் உங்கள் காதுக்கு வேறு பாட்டாக இருக்கும்.

தமிழில் இதற்கு இணையாகக் கேட்க வேண்டியது 1982-இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் இளைய நிலா. அந்தத் தொடக்கக் கிட்டார் கார்டைப் பிரித்து மீட்டுவதிலிருந்தே மெட்டாகக் கனிகிறது. மெட்டின் ஒவ்வொரு வரியும் முடியும் சுரத்தைக் கவனித்து, அப்போது பின்னால் என்ன கார்டு ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பதைவிட இது பத்து மடங்கு பயன் தரும்.

இப்போது பெட்டி

பெட்டியை இப்போது கற்கலாம், காரணம் புரியும் நேரம் வந்துவிட்டது. ஐந்தாம் ஃபிரெட்டில் ஏ மைனர் பார் கார்டைப் பிடியுங்கள். ஆறாம் கம்பியில் தொடங்கி 5, 7, 7, 5, 5, 5. பென்டடோனிக்கின் முதல் பெட்டி இந்தக் கார்டின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆறாம் கம்பியில் 5, 8. ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளில் 5, 7. இரண்டு, முதல் கம்பிகளில் 5, 8. கார்டின் ஆறு இடங்களும் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்த ஆறும், ஆறாம், முதல் கம்பிகளின் எட்டாம் ஃபிரெட்டில் உள்ள சி-யும் ஏ மைனர் ஓடும்போது நிற்கத் தகுந்த இடங்கள், மற்றவை கடந்துபோகும் இடங்கள். நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளில் ஐந்தாம் ஃபிரெட்டை மட்டும் சேர்த்து மீட்டினால் ஜி, சி, ஈ. சி கார்டும் இதே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மற்ற நான்கு பெட்டிகளுக்கு இப்போது அவசரமில்லை. இந்த ஒன்றில் பேசக் கற்றவருக்கு அவை தேவைப்படும்போது தாமாக வரும். சுருதி மாறினால் பெட்டியை நகர்த்துங்கள்: ஜி மைனருக்கு மூன்றாம் ஃபிரெட், பி மைனருக்கு ஏழாம் ஃபிரெட்.

பெட்டிக்குள் ஒரு சிறு லீட். ஏ மைனருக்கு மூன்றாம் கம்பி 7, 5, பிறகு நான்காம் கம்பி 7-இல் நில்லுங்கள். எஃப்-க்கு நான்காம் கம்பி 7, மூன்றாம் கம்பி 5, 7, மீண்டும் 5-இல் நில்லுங்கள். சி-க்கு மூன்றாம் கம்பி 5, 7, இரண்டாம் கம்பி 5-இல் நில்லுங்கள். ஜி-க்கு மூன்றாம் கம்பி 7, 5, 4. ஒவ்வொரு வரியும் அந்தந்தக் கார்டின் சுரத்தில்தான் முடிகிறது. இதை அப்படியே வாசித்துப் பழகிய பின், நிற்கும் இடங்களை மட்டும் மாற்றாமல் இடையில் உள்ளவற்றை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்.

கைகளைப் பற்றி

ஸ்ட்ரம்மிங்குக்கு மெல்லிய பிக் சுகம். தனிச் சுரங்களுக்கு அது வளைந்து பின்தங்கும். 1 மில்லிமீட்டர் அளவுள்ள ஒன்றை வாங்கி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள். கீழ், மேல், கீழ், மேல் என்று மாற்றி மாற்றி மீட்டுவதை ஆரம்பத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கீழ்நோக்கியே மீட்டிப் பழகிய கையைப் பிறகு திருத்துவது கடினம்.

கார்டு வாசிக்கும்போது எல்லாக் கம்பிகளும் ஒலிக்க வேண்டும். லீடில் ஒன்று மட்டும் ஒலிக்க வேண்டும், மற்ற ஐந்தும் வாய் மூட வேண்டும். புதியவர்களின் லீட் அழுக்காகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் தவறான சுரமல்ல, அடக்கப்படாத கம்பிகள்தான். வலது உள்ளங்கையின் விளிம்பு தடித்த கம்பிகளின் மேல் பட்டும் படாமலும் இருக்கட்டும். இடது ஆள்காட்டி விரலின் நுனி, அழுத்தும் கம்பிக்கு அடுத்த தடித்த கம்பியை லேசாகத் தொட்டிருக்கட்டும். அதே விரலின் அடிப்பாகம் மெல்லிய கம்பிகளின் மேல் சாய்ந்திருக்கட்டும்.

பெண்ட் செய்யும்போது சுருதிதான் உயிர். மூன்றாம் கம்பி ஒன்பதாம் ஃபிரெட்டை மீட்டி அந்த ஈ-யைக் காதில் வாங்குங்கள். பிறகு ஏழாம் ஃபிரெட்டில் மோதிர விரலை வைத்து, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் நின்று தாங்க, டி-யை அந்த ஈ வரை தள்ளி ஏற்றுங்கள். தள்ளும் வலு விரல்களிலிருந்து மட்டும் வரக் கூடாது. கட்டைவிரலைக் கழுத்தின் மேல் ஊன்றி மணிக்கட்டைத் திருப்புங்கள். முக்கால் ஈ வரை போய் நின்ற பெண்ட் கேட்பவரைக் கூசவைக்கும். எலக்ட்ரிக் கிட்டாரில் 9 அல்லது 10 என்ற தடிமன் எண் கொண்ட கம்பி செட் போட்டிருந்தால் இது கைக்கு வரும். அக்கூஸ்டிக்கில் பொதுவாக 12 செட் இருக்கும், மூன்றாம் கம்பியே சுருள் சுற்றியதாக இருக்கும். அங்கே முழுச் சுரம் ஏற்ற முயன்று விரலைப் புண்ணாக்க வேண்டாம். அதே ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஸ்லைடு செய்யுங்கள். அதற்கென்று ஓர் அழகு இருக்கிறது.

நீளும் சுரத்துக்கு, விரலை அசைத்து ஒலியை நடுங்கவைக்கும் வைப்ரேட்டோ. புளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங், தன் உறவினர் புக்கா வைட் ஸ்லைடு கருவி வைத்து எழுப்பிய ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றதில்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வைப்ரேட்டோ பிறந்தது. அவரிடம் கற்க இன்னொன்றும் உண்டு. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். இரண்டும் ஒன்றாக நடக்காது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு வரியை வாய்விட்டு முனகி, பிறகு அதையே கிட்டாரில் தேடுங்கள். குரலுக்கு மூச்சு வேண்டும் என்பதால் வரிகளுக்கு இடையே தானாக இடைவெளி விழும்.

ஈ மேஜர் வரும்போது

ஏ மைனரில் அமைந்த தமிழ்ப் பாடல்களை எடுத்தால் சீக்கிரமே ஒரு சிக்கல் எதிர்ப்படும். ஏ மைனர், டி மைனர், ஈ மேஜர் என்று கார்டுகள் போகும். ஈ மேஜரில் இருப்பவை ஈ, ஜி ஷார்ப், பி. உங்கள் பெட்டியிலோ ஜி இருக்கிறது. ஈ ஓடும்போது அந்த ஜி-யில் போய் நின்றால் உரசும். சங்கீதம் தெரிந்தவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள்: நடபைரவியாக இருந்தது அந்த ஒரு கார்டுக்காகக் கீரவாணியாகிறது. கைசிகி நிஷாதம் போய்க் காகலி நிஷாதம் வருகிறது.

கையில் அதைச் செய்வது எளிது. நான்காம் கம்பி ஏழாம் ஃபிரெட்டில் ஏ இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு ஃபிரெட் பின்னால், ஆறில் ஜி ஷார்ப். முதல் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட் ஏ, நான்கில் ஜி ஷார்ப். ஏ மைனர், டி மைனர், ஈ, ஏ மைனர் என்ற சுற்றைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். ஈ தொடங்கும்போது மூன்றாம் கம்பி நான்காம் ஃபிரெட்டில் பி. அதன் கடைசித் தட்டில் நான்காம் கம்பி ஆறில் ஜி ஷார்ப். ஏ மைனரின் முதல் தட்டில் ஏழுக்கு ஏறி ஏ. முதலில் இதை மட்டும் ஒரு நாள் முழுக்க வாசியுங்கள். மறுநாள் அதே நகர்வை முதல் கம்பியில் எடுத்து, முன்னும் பின்னும் உங்கள் சொந்தச் சுரங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.